அபராதம் கஜானாவுக்கு, கூலி யாருக்கு?

சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் மலைப்பாதையில் இருபது கொண்டை ஊசி வளைவுகள் உண்டு. பத்தாவது வளைவு வரையில் பஸ்ஸில் எல்லோரும் பேசிக்கொண்டு வருவார்கள். அதற்கு மேல் பேச்சு நின்றுவிடும். வயிறு பேச ஆரம்பித்துவிடும்! சென்ற தை மாதம் நானும் அப்படித்தான் வாயை மூடிக்கொண்டு மலையேறினேன். ஏற்காட்டில் இறங்கி, ஒரு காப்பி குடித்துத் தெம்பு தேடிக்கொண்டு, வேறு பஸ் பிடித்து மாரமங்கலம் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே நண்பர் ஒருவருக்கு முப்பது ஏக்கர் காப்பித் தோட்டம் இருக்கிறது. சில்வர் ஓக் மரங்களின் மேல் மிளகுக் கொடி ஏறியிருந்தது. களத்தில் காப்பிப் பழம் காய்ந்துகொண்டிருந்தது. "இரண்டு நாள் இருந்து காற்று வாங்கிவிட்டுப் போங்கள்" என்று நண்பர் எழுதியிருந்தார். காற்று வாங்கத்தான் போனேன். ஆனால் ஒரு கேள்வியையும் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். அதைத்தான் இந்த வாரம் உங்களிடம் இறக்கி வைக்கப் போகிறேன்.

நண்பர் வீட்டில் காப்பி கொண்டுவந்து கொடுத்த அம்மாளுக்கு ஐம்பது வயது இருக்கும். சேர்வராயன் மலையின் பழைய குடியான மலையாளி இனத்தைச் சேர்ந்தவர். மலையாளி என்றதும் கேரளத்தை நினைத்துவிடாதீர்கள். இவர்கள் பேசுவது தமிழ்தான். மலையை ஆள்பவர்கள் என்பதால் அந்தப் பெயர். இவர்களுடைய முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த மூன்று சகோதரர்கள் என்றும், பெரியண்ணன் சேர்வராயன் மலையிலும், நடுவண்ணன் பச்சைமலையிலும், சின்னண்ணன் கொல்லிமலையிலும் தங்கிவிட்டார்கள் என்றும் கதை சொல்வார்கள்.

நான் பத்திரிகையில் எழுதுகிறவன் என்று நண்பர் சொல்லிவிட்டார். அந்த அம்மாள் தயங்கித் தயங்கி அருகில் வந்தார்.

"ஐயா, ஒண்ணு கேக்கலாமுங்களா?"

"கேளுங்கள் அம்மா."

"எம் பையன் மலேசியாவுக்குப் போயிருந்தானுங்க. திருட்டுத்தனமா வேலை பார்த்தான்னு சொல்லி அபராதம் கட்ட வெச்சு அனுப்பிட்டாங்க. அவன் திருடலீங்க, பாத்திரம்தான் கழுவினான். வேலை பார்த்தது குத்தமுன்னா, வேலை கொடுத்தவரும் குத்தவாளிதானுங்களே? அவருக்கு என்னங்க தண்டனை?"

எனக்குச் சட்டென்று பதில் வரவில்லை. "பையனைப் பார்க்க முடியுமா?" என்று கேட்டேன். மாலையில் பையன் வந்தான்.

அவன் கதை இதுதான். பத்தாம் வகுப்பில் தேறவில்லை. சேலத்தில் ஓர் ஏஜெண்டு, "கோலாலம்பூரில் ஹோட்டல் வேலை, மாதம் 1,500 ரிங்கிட் சம்பளம்" என்று சொன்னார். ஒரு ரிங்கிட் என்பது நம் பணத்தில் சுமார் இருபது ரூபாய். ஏஜெண்டு கேட்ட தொகை 1,20,000 ரூபாய். அம்மாவின் நகை போயிற்று, மீதிக்கு வட்டிக்கடன்.

2023 டிசம்பர் முதல் இந்தியர்கள் விசா இல்லாமலே முப்பது நாள் வந்து தங்கிப் போகலாம் என்று மலேசியா அனுமதித்திருக்கிறது. சுற்றிப் பார்ப்பதற்காகக் கொடுத்த அனுமதி அது. வேலை பார்ப்பதற்கு அல்ல. ஏஜெண்டு அந்த வழியாகத்தான் 2024 ஜனவரியில் திருச்சியிலிருந்து பையனை விமானம் ஏற்றினார். "போய் இறங்கு, பெர்மிட்டை முதலாளி எடுத்துக் கொடுப்பார்" என்றார்.

முதலாளி முதல் நாளே பாஸ்போர்ட்டை வாங்கிப் பெட்டியில் வைத்துக்கொண்டார். முப்பது நாள் கழிந்தது. பெர்மிட் வரவில்லை. இரண்டு மாதச் சம்பளம் கைக்கு வந்தது. அதன் பிறகு, "பெர்மிட் செலவுக்குப் பிடித்துக்கொள்கிறேன்" என்று நிறுத்திவிட்டார்கள். ஆறு மாதம் இப்படிப் போயிற்று. ஒரு நாள் துணிந்து சம்பளம் கேட்டான். முதலாளி கோபித்துக்கொள்ளவில்லையாம், சிரித்தாராம். "கேள் தம்பி, போலீசில் போய்க் கேள். உன்னிடம் என்ன காகிதம் இருக்கிறது என்று அவர்கள் முதலில் கேட்பார்கள்" என்றாராம்.

வாசகர்களே, அந்தச் சிரிப்பைக் கொஞ்சம் கவனியுங்கள். பையனிடம் அனுமதிச் சீட்டு இல்லாதது முதலாளிக்கு நஷ்டமே இல்லை. அதுதான் அவருக்கு லாபம்! சீட்டு உள்ள ஆள் சம்பளம் கேட்பான், லீவு கேட்பான், பிடிக்காவிட்டால் வேறு இடம் பார்ப்பான். சீட்டு இல்லாதவன் எதையும் கேட்க மாட்டான். சட்டத்தைக் கண்டு அஞ்ச வேண்டிய முதலாளியே சட்டத்தைக் காட்டித் தொழிலாளியை அச்சுறுத்த முடிகிறது.

அந்த ஆண்டு மார்ச் மாதத்தில் மலேசிய அரசு ஒரு திட்டம் தொடங்கியிருந்தது. அனுமதியில்லாமல் தங்கியிருப்பவர்கள் 500 ரிங்கிட் அபராதம் செலுத்தினால் வழக்கு இல்லாமல் ஊருக்குப் போய்விடலாம். பையன் உடன் வேலை பார்த்தவர்களிடம் கடன் வாங்கி அபராதத்தைக் கட்டினான். பாஸ்போர்ட் கைக்கு வரவில்லை. அதற்குப் பதிலாக இந்தியத் தூதரகத்தில் அவசரச் சான்றிதழ் வாங்கிக்கொண்டு செப்டம்பரில் வந்து சேர்ந்தான். விட்டுவந்த ஆறு மாதச் சம்பளம் 9,000 ரிங்கிட். ஏறக்குறைய 1,80,000 ரூபாய். கணக்குப் பாருங்கள்: உழைத்த கூலி கைக்கு வந்திருந்தால் ஏஜெண்டுக்காக வாங்கிய கடன் முழுவதும் அடைந்து, நகையும் திரும்பி, மேலும் கொஞ்சம் மிஞ்சியிருக்கும்!

நிற்க. அம்மாளின் கேள்விக்கு வருகிறேன். வேலை கொடுத்தவருக்குத் தண்டனை இல்லையா?

உண்டு, பலமாகவே உண்டு. மலேசியக் குடிநுழைவுச் சட்டத்தின் 55பி பிரிவு, செல்லத்தக்க அனுமதி இல்லாத வெளிநாட்டாரை வேலைக்கு வைப்பவருக்கு ஆள் ஒன்றுக்கு 10,000 முதல் 50,000 ரிங்கிட் வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும் என்று சொல்கிறது. ஒரே சமயத்தில் ஐந்து பேருக்கு மேல் அப்படி வைத்திருந்தால் ஆறு மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை. ஆறு வரை பிரம்படியும் உண்டு. பிறருடைய பாஸ்போர்ட்டைப் பிடித்து வைத்துக்கொள்வதும் அந்நாட்டில் தனிக் குற்றம்.

சிங்கப்பூரில் அனுமதியில்லாத அயல்நாட்டாரை வேலைக்கு வைத்தால் 5,000 முதல் 30,000 வெள்ளி வரை அபராதம், அல்லது ஓராண்டு வரை சிறை, அல்லது இரண்டும். ஐக்கிய அரபு நாட்டில் 2024-இல் சட்டத்தைத் திருத்தி, அபராதத்தை ஒரு லட்சம் முதல் பத்து லட்சம் திர்ஹம் வரை உயர்த்திவிட்டார்கள். ஆகவே, "முதலாளியை யாரும் கேட்பதில்லை" என்று ஏட்டைப் பார்த்தால் சொல்ல முடியாது.

இப்படி முதலாளியைக் கேட்பதே புதிய வழக்கம் என்பதையும் சொல்ல வேண்டும். நம் நாட்டில் வெள்ளைக்காரர் காலத்தில் 1859-ஆம் ஆண்டு ஒரு சட்டம் போட்டார்கள். முன்பணம் வாங்கிக்கொண்டு வேலையை விட்டுப் போன தொழிலாளி மாஜிஸ்திரேட்டின் உத்தரவுப்படி பணத்தைத் திருப்ப வேண்டும், அல்லது வேலைக்குத் திரும்ப வேண்டும். இல்லையானால் மூன்று மாதம் வரை சிறை. 1925-இல் அதை ரத்து செய்யச் சட்டம் வரும் வரையில் தோட்ட முதலாளிகளுக்கு அது கைத்தடி போல இருந்தது. கண்டிக்குப் போன நம் ஜனங்களுக்கு 'துண்டு' என்று ஒன்று இருந்தது. கங்காணியின் ஆட்கள் எவ்வளவு கடன்பட்டிருக்கிறார்கள் என்று ஒரு காகிதத் துண்டில் எழுதிக் கொடுப்பார்கள். அடுத்த தோட்டத்துரை அந்தத் தொகையைக் கட்டிவிட்டு ஆட்களை எடுத்துக்கொள்ளலாம். 1921-இல் இலங்கையில் அந்த முறையை ஒழித்தார்கள். அதாவது, அந்தக் காலத்தில் ஓடிப்போகிறவன்தான் குற்றவாளி. பிடித்து வைத்திருப்பவர் குற்றவாளி அல்ல.

அமெரிக்காவிலும் இதே கூத்துத்தான். அனுமதியில்லாமல் வந்தவருக்கு இடம் கொடுத்து மறைத்து வைப்பது குற்றம் என்று அங்கே 1952-இல் எழுதினார்கள். எழுதிய கையோடு, வேலைக்கு வைத்துக்கொள்வது மட்டும் 'மறைத்து வைத்தல்' ஆகாது என்று ஒரு வாசகத்தையும் சேர்த்தார்கள்! டெக்ஸாஸ் பண்ணைக்காரர்களைத் திருப்திப்படுத்தச் சேர்த்ததால் அதற்கு 'டெக்ஸாஸ் விதிவிலக்கு' என்றே பெயர். 1986-இல்தான், தெரிந்தே அப்படி வேலைக்கு வைப்பது குற்றம் என்று சட்டம் வந்தது. முதல் தடவைக்கு ஆள் ஒன்றுக்கு 250 முதல் 2,000 டாலர் வரை அபராதம் வைத்தார்கள். ஆனால் 'தெரிந்தே' என்ற ஒரு சொல் இருக்கிறதே, அதுதான் ஓட்டை. ஆள் காட்டும் காகிதம் பார்வைக்கு உண்மையானதாக இருந்தால் போதும். நடுவில் ஒரு காண்டிராக்டரை நிறுத்திவிட்டால் இன்னும் நல்லது. "அவன் என் ஆள் இல்லை, காண்டிராக்டர் ஆள்" என்று சொல்லிவிடலாம் அல்லவா?

இவ்வளவு சட்டம் இருந்தும் மாரமங்கலத்துப் பையனுடைய முதலாளி ஏன் சிரித்தார்? நான் யோசித்துப் பார்த்ததில் இரண்டு காரணங்கள் தோன்றின.

முதல் காரணம்: அவருக்கு எதிரான சாட்சி யார்? அந்தப் பையன்தான். அந்தப் பையனையோ நாட்டை விட்டு அனுப்பிவிடுகிறார்கள். சாட்சியை விமானம் ஏற்றிவிட்டால் வழக்கு எப்படி நிற்கும்?

இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம். முதலாளிக்கு அபராதம் விதித்தாலும் அது எங்கே போகிறது? அரசாங்கக் கஜானாவுக்குப் போகிறது. பையனுடைய ஆறு மாதக் கூலி? அது முதலாளியின் பெட்டியிலேயே இருக்கிறது! அபராதம் அரசுக்குச் செய்த குற்றத்திற்கு ஈடு. தொழிலாளிக்குச் செய்த குற்றத்திற்கு ஈடு கூலிதான். கூலி திரும்பி வராத வரையில், காட்டிக்கொடுத்தால் தனக்கும் நஷ்டம் என்று தொழிலாளி வாயை மூடிக்கொண்டுதான் இருப்பான்.

இதைப் புரிந்துகொண்டு செய்த ஏற்பாடு ஒன்று ஐரோப்பாவில் இருக்கிறது. 2009-இல் ஐரோப்பிய ஒன்றியம் தன் நாடுகளுக்கு ஒரு கட்டளை பிறப்பித்தது. அனுமதியில்லாதவரை வேலைக்கு வைத்த முதலாளி அபராதம் கட்ட வேண்டும். அவரைத் திருப்பி அனுப்பும் செலவையும் ஏற்க வேண்டும். அத்துடன் பாக்கிக் கூலியையும் கொடுக்க வேண்டும். தொழிலாளி ஊருக்குத் திரும்பிவிட்டாலும் கூலி அவனைத் தேடிப் போக வேண்டும். எத்தனை நாள் வேலை பார்த்தான் என்பதில் தகராறு வந்தால், குறைந்தது மூன்று மாதம் பார்த்தான் என்றே வைத்துக்கொள்ள வேண்டும். இல்லை என்றால் முதலாளிதான் நிரூபிக்க வேண்டும். நடைமுறையில் எல்லோருக்கும் கூலி கிடைத்துவிட்டது என்று நான் சொல்லவில்லை. ஆனால் நியாயம் எந்தப் பக்கம் பார்க்க வேண்டுமோ அந்தப் பக்கம் பார்க்கிறது.

இதையெல்லாம் அந்த அம்மாளிடம் எனக்குத் தெரிந்த எளிய முறையில் சொன்னேன். "அப்போ, சட்டம் இருக்குது, எம் பையன் கூலிதான் இல்லே" என்றார். நான் இவ்வளவு நேரம் சொன்னதை அவர் ஒரே வரியில் சொல்லிவிட்டார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் மலேசிய முதலாளியைத் திட்டிவிட்டு நானும் நிம்மதியாக மலை இறங்கியிருப்பேன். மறுநாள் காலை தோட்டத்தைச் சுற்றிப் பார்க்கப் போனேன். மிளகுக் கொடிகளின் கீழே பன்னிரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். ஜார்க்கண்டிலிருந்து வந்தவர்கள். உள்ளூரில் ஆள் கிடைப்பதில்லை என்று காண்டிராக்டர் மூலம் வரவழைத்திருக்கிறார் நண்பர். அவர்களுக்கு மேஸ்திரி யார் தெரியுமா? நம் மலேசியாப் பையன்தான்!

அவன் தோளில் ஒரு மஞ்சள் பை தொங்கியது. "அதில் என்னப்பா?" என்று கேட்டேன்.

"இவங்க ஆதார் கார்டுங்க. காண்டிராக்டர் வாங்கி வெக்கச் சொன்னாருங்க. இல்லாட்டி பாதியிலே ஓடிருவாங்களாம்."

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவனையே பார்த்தேன். அவனும் என்னைப் பார்த்தான். பிறகு பையைப் பார்த்தான். அவன் முகம் சிறுத்துப் போயிற்று.

மாலையில் நண்பரிடம் பேச்சுக் கொடுத்தேன். "இவர்கள் பெயரெல்லாம் உங்கள் பதிவேட்டில் இருக்கிறதா?" என்றேன். "அதெல்லாம் காண்டிராக்டர் பொறுப்பு. பெயர் எழுதினால் பி.எப்., அது, இது என்று வரும்" என்றார். நல்ல மனிதர்தான். வீட்டுக்கு வந்தவர்களுக்கு விருந்து வைக்காமல் அனுப்ப மாட்டார். ஆனால் அவர் சொன்னதற்கும் 'டெக்ஸாஸ் விதிவிலக்கு'க்கும் எவ்வளவு தூரம் என்று நீங்களே சொல்லுங்கள்.

ஜார்க்கண்டுக்காரர்கள் அந்நியர்கள் அல்லர். இந்தியக் குடிமகன் இந்தியாவில் எங்கும் போய்ப் பிழைக்க அரசியல் சட்டம் உரிமை தந்திருக்கிறது. அவர்களுக்கு எந்த அனுமதிச் சீட்டும் வேண்டாம். ஆனால் மொழி தெரியாத மலையில், பெயர் எந்த ஏட்டிலும் இல்லாமல், கார்டு பிறர் பையில் இருக்கும்போது, அவர்கள் நிலைமை கோலாலம்பூரில் பையன் இருந்த நிலைமைதானே? அவர்களுக்காக 1979-இல் ஒரு மத்தியச் சட்டம் வந்தது. வழிச்செலவு, இடப்பெயர்ச்சிப் படி எல்லாம் அதில் சொல்லியிருந்தது. காண்டிராக்டர் கூலி கொடுக்கத் தவறினால் தோட்டக்காரரே கொடுக்க வேண்டும் என்றும் இருந்தது. மீறினால் ஓராண்டு வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். ஆயிரம் ரூபாய்! ஒரு மூட்டை காப்பிக்கொட்டையின் விலைகூட இல்லை. 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்துக்குப் பதிலாகப் புதிய தொழிலாளர் தொகுப்புச் சட்டங்கள் நடைமுறைக்கு வந்திருக்கின்றன. அவற்றிலும் காண்டிராக்டர் கைவிட்டால் கூலிக்குப் பொறுப்பு முதலாளியுடையதுதான். இதை நண்பரிடம் சொன்னபோது அவர் காப்பியை ஆற்றிக்கொண்டே நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "ஒரு நோட்டுப் போட்டு எழுதிவிடுகிறேன்" என்றார்.

சேர்வராயன் மலையில் காப்பிச் செடியை முதலில் கொண்டுவந்து வைத்தவர் 1820-களில் சேலத்துக் கலெக்டராக இருந்த காக்பர்ன் துரை என்பார்கள். செடியும் வெளியிலிருந்து வந்தது. பழம் பறிக்கும் கைகளும் வெளியிலிருந்து வருகின்றன. மலையின் பழங்குடிகளே காஞ்சியிலிருந்து வந்தவர்கள் என்பது கதை. வருவது தவறில்லை. வந்தவரின் உழைப்பை வாங்கிக்கொண்டு பெயரை எழுத மறுப்பதுதான் தவறு.

உங்கள் வீட்டிலிருந்து யாராவது வெளிநாட்டு வேலைக்குப் போவதாக இருந்தால் சில விஷயங்களை மனத்தில் வையுங்கள். 1983-ஆம் ஆண்டுக் குடிபெயர்வுச் சட்டப்படி ஏஜெண்டு மத்திய அரசிடம் பதிவு செய்திருக்க வேண்டும். அவர் வாங்கக்கூடிய கட்டணம் 30,000 ரூபாயும் அதற்கு உண்டான வரியும்தான். பத்தாம் வகுப்புத் தேறாதவர்கள் மலேசியா, வளைகுடா முதலிய பதினெட்டு நாடுகளுக்கு வேலைக்குப் போகக் குடிபெயர்வு அனுமதி பெற வேண்டும். அதைப் பெற்றால் இன்ஷூரன்ஸ் பாதுகாப்பும் உண்டு. "முதலில் சுற்றுலாவாகப் போ, பிறகு பார்த்துக்கொள்ளலாம்" என்று எவராவது சொன்னால், அந்த இடத்திலேயே எழுந்து வந்துவிடுங்கள். பாஸ்போர்ட்டின் நகலை வீட்டில் வைத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். எத்தனை நாள் வேலை, எவ்வளவு கூலி என்று தினமும் ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள்.

வேலை கொடுக்கிறவர்களாக நீங்கள் இருந்தால் சொல்ல வேண்டியது இன்னும் குறைவு. தோட்டமோ, கடையோ, வீடு கட்டும் வேலையோ, எதுவாக இருந்தாலும் பெயரை எழுதுங்கள். கூலியை உழைத்தவர் கையிலேயே கொடுங்கள். அவர் காகிதத்தை அவரிடமே விடுங்கள்.

மூன்றாம் நாள் காலையில் பஸ் ஏற வந்தபோது பையனும் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கூட வந்தான். தோளில் மஞ்சள் பை இல்லை.

"பை எங்கேப்பா?"

"ராத்திரியே அவங்கவங்க கார்டை அவங்கவங்ககிட்டே கொடுத்துட்டேனுங்க."

"காண்டிராக்டர் கேட்டால்?"

"கேக்கட்டுமுங்க. யாரும் ஓடலீங்களே. காலையிலே பன்னிரண்டு பேரும் வேலைக்கு வந்துட்டாங்க."

பஸ் புறப்பட்டது. இருபது வளைவுகளையும் இறங்கினேன். இந்தத் தடவை வயிறு ஒன்றும் பேசவில்லை.